கோப்புக்கும் ஒரு காப்பு



ஊரில் நோன்பு சாட்டியதும் முதல் வேலை காப்புக் கட்டுவதுதான். மற்ற ஏற்பாடெல்லாம் அதற்குப் பிறகு. நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கும் கோப்புகளுக்கு அப்படி ஒரு காப்பைக் கட்டியிருக்கிறோமா? நான் கட்டியிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைப்பு பொய்யான கதையையும், அதனால் நான் கற்ற பாடத்தையும் இங்கே சொல்கிறேன்.

புராஜெக்ட் வைவாவுக்கு இன்னும் பதினெட்டு நாள். குழுவில் நான்கு பேர். டிராயிங், ரிப்போர்ட், போட்டோ எல்லாம் என் கம்ப்யூட்டரில். ஒரு நாள் ராத்திரி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்...' என்று சத்தம். காலையில் திரை கறுப்பாகவே நின்றது. நான் பயப்படவில்லை. "சி டிரைவ் போனா என்னடா, டி டிரைவ்ல இன்னொரு காப்பி வெச்சிருக்கேன்" என்று நண்பர்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் சிரித்தார். "ஏந்தம்பி, சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்குதானே? வீட்டுக்குள்ள ரெண்டு ரூம் இருந்தா வீடு ரெண்டாயிடுமா?"

அப்போதும் நம்பிக்கை விடவில்லை. பென் டிரைவ் இருந்ததே! செருகிப் பார்த்தோம். ரிப்போர்ட்டின் பெயர் இருந்தது, அளவு 2 கேபி! டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டைத்தான் நான் காப்பி செய்திருக்கிறேன். வீட்டுச் சாவியைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து, வீட்டு முகவரி எழுதிய சீட்டைப் பத்திரப்படுத்திய கதை.

புராஜெக்ட் பிழைத்தது. கையில் இருந்த பழைய பிரிண்ட்டுகளை வைத்து நால்வரும் ராத்திரி பகலாக உட்கார்ந்து மறுபடி வரைந்தோம். ஆனால் அதே டிஸ்க்கில் எங்கள் ஆத்தாவின் குரல் இருந்தது. குலதெய்வக் கதையை அவர் சொல்லச் சொல்ல இருபது நிமிடம் செல்போனில் பதிவு செய்தது. போனில் இடம் இல்லை என்று அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்துவிட்டேன். ஆத்தா போன ஆண்டு தவறிவிட்டார். டிஸ்க்கைத் திறந்து பார்த்தவர்கள், தட்டிலேயே கீறல் விழுந்துவிட்டது, எதுவும் தேறாது என்று சொல்லிவிட்டார்கள். வரைபடத்தை மறுபடி வரையலாம். அந்தக் குரலை யாரிடம் போய் மறுபடி கேட்பது?

ஏன் கெடுகிறது?

ஹார்ட் டிஸ்க்கும் ஓர் இயந்திரம்தான். தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகிறது. படிக்கும் முனை தட்டைத் தொடாமல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஓடும்போது ஒரு தட்டு தட்டினாலும் முனை தட்டில் உரசலாம். நான் கேட்ட 'டக் டக்' முனை தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்ற சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். நான் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்த்தேன். கீறலை அதிகமாக்கியது அதுவாகவே இருக்கலாம்.

எஸ்எஸ்டி-யில் சுற்றும் பாகம் கிடையாது; அதனால் சத்தமும் கிடையாது. பல சமயம் முன்னறிவிப்பு இல்லாமலே போய்விடும். பென் டிரைவ் மின்னேற்றத்தை அடைத்து வைத்துத்தான் நினைவில் கொள்கிறது. பல வருடம் பெட்டியில் கிடந்தால் அந்த மின்னேற்றம் கசிந்துவிடலாம். இது போக, திருட்டு இருக்கிறது, 2015 டிசம்பரில் சென்னை பார்த்ததைப் போன்ற வெள்ளம் இருக்கிறது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய 'வான்னாக்ரை' போல, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸும் இருக்கிறது.

மூன்று, இரண்டு, ஒன்று

இதற்கு 3-2-1 என்று எளிய விதி உண்டு. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவலாக்கியது.

3 - ஒவ்வொரு முக்கியக் கோப்புக்கும் மூலத்தோடு சேர்த்து மூன்று பிரதி.
2 - அவை இரண்டு வேறு வகைச் சாதனங்களில்.
1 - ஒரு பிரதியாவது வீட்டுக்கு வெளியே.

நமக்குப் பொருத்திச் சொன்னால்: கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ மாமா வீட்டு அலமாரியிலோ ஒன்று. நான்கு பேர் சேர்ந்து ஒரு டிஸ்க் வாங்கினாலும் போதும்.

நேரம் ஆகுமே என்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. யுஎஸ்பி 2.0 வழியாக நடைமுறையில் விநாடிக்குச் சுமார் 30 எம்பி போகும் என்று கொள்வோம். 40 ஜிபி என்றால் 40,000 ÷ 30 = 1333 விநாடி, அதாவது ஏறக்குறைய 22 நிமிடம். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் கூடும். ஒரு சாப்பாட்டு நேரம்தான்!

கவனிக்க வேண்டியவை

1. முதலில் பட்டியல் போடுங்கள். சினிமாவும் சாஃப்ட்வேரும் திரும்பக் கிடைக்கும். குடும்பப் போட்டோ, குரல் பதிவு, சான்றிதழ் ஸ்கேன், சொந்த டிராயிங் திரும்பக் கிடைக்காது. இவற்றுக்கே முதலிடம்.

2. காப்பி முடிந்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.

3. இணையத்தில் தானாக ஒத்திசைக்கும் கோப்புறையை மட்டும் நம்ப வேண்டாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் கணக்கையே நீக்கலாம் என்று 2023 முதல் விதி இருக்கிறது.

4. மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அமாவாசை. மறக்க முடியாத நாள்; அம்மாவே ஞாபகப்படுத்திவிடுவார்!

5. பிரதியை வேறு கம்ப்யூட்டரில் செருகி, நான்கைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். நான் ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் அந்த 2 கேபி அன்றைக்கே பல்லிளித்திருக்கும்.

பெரியவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1998-ல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் மளமளவென்று அழிந்தன. காப்புப் பிரதியைத் தேடிப் போனால், அது சரியாக இயங்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றிக் காரில் பத்திரமாகக் கொண்டுபோனார்கள். படம் 1999-ல் வெளிவந்தது. அங்கே காப்பாற்றியது வீட்டுக்கு வெளியே... இல்லை, அலுவலகத்துக்கு வெளியே இருந்த அந்த ஒரு பிரதிதான்!

நண்பர்களே, லேபில் மீட்டரை நம்புவதற்கு முன் அளவு சரிபார்க்கிறோம். வெல்டிங் முடிந்ததும் மூட்டைச் சோதித்துப் பார்க்கிறோம். காப்புப் பிரதிக்கும் அதே முறைதான். திறந்து பார்த்துச் சோதிக்காத பிரதி, பிரதியே அல்ல.

இந்த மலரைப் படித்து மூடியதும் வீட்டுக்குப் போய் ஒரே ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: போனால் திரும்பி வராத ஒன்று. அது எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விடை 'ஒன்று' என்று வந்தால், அன்று இரவே காப்பைக் கட்டிவிடுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருக்கிறவர்கள், கூடவே அவர்கள் குரலையும் கொஞ்சம் பதிவு செய்து வையுங்கள். மூன்று பிரதியாக!