பக்கத்து மனையின் மண் என் தறிக்குழியில்: யாரிடம் கேட்பது?

கேள்வி: காஞ்சிபுரத்தில் ஊர் எல்லையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறோம். மூன்று தலைமுறையாகப் பட்டுத்தறிதான் பிழைப்பு. வீட்டுக்குப் பின்னால் இருந்த பத்து ஏக்கர் நஞ்சையைச் சென்ற ஆண்டு மனைப்பிரிவு போட வாங்கினார்கள். அந்த வயல் எங்கள் வாசலைவிட இரண்டு அடி பள்ளம். இப்போது நான்கு அடிக்குச் சவுடு கொட்டி, எங்களைவிட இரண்டு அடி மேடாக்கிவிட்டார்கள். ஐப்பசி மழையில் அந்த மண் கரைந்து வாய்க்காலைத் தூர்த்துவிட்டு, வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. தறிக்குழி முழுக்கச் செஞ்சேறு. பாதி நெய்திருந்த கோர்வைச் சேலையும் பாவும் வீணாகிவிட்டன. கேட்டால், “பட்டா நிலம், அப்ரூவல் இருக்கிறது” என்கிறார்கள். ஓர் அலுவலகத்தில், “தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும், அதற்கு யார் என்ன செய்ய முடியும்?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனை போடுகிறவர் தன் மண்ணைத் தன் எல்லைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாதா? அடுத்த மழைக்குள் நாங்கள் என்ன செய்யலாம்?

ஒரு நெசவாளர், காஞ்சிபுரம்

பதில்: அலுவலகத்தில் உங்களுக்குச் சொன்ன பதிலிலிருந்தே தொடங்குகிறேன். அது பாதி உண்மை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 7ஆம் பிரிவில், மேட்டு நிலத்தில் விழுந்து வாய்க்காலில் சேராமல் ஓடும் நீர் இயல்பாகப் பள்ளத்து நிலத்துக்கு இறங்குவதை, பள்ளத்து நிலக்காரர் தடுக்கக் கூடாது என்கிறது. அங்கே ‘இயல்பாக’ என்பதுதான் உயிர். உங்கள் பின்பக்க வயல் இயல்பில் உங்களுக்குக் கீழே இருந்தது. உங்கள் தெரு நீர் அங்கே போய்க்கொண்டிருந்தது. லாரி வைத்து மண் கொட்டி அந்த ஓட்டத்தைத் திருப்பியது மனிதர்கள். அப்படிச் செய்த மேட்டுக்கு இயற்கை மேட்டின் உரிமை வராது. தண்ணீரோடு மண்ணையும் சேர்த்து அனுப்ப எந்த மேட்டுக்கும் உரிமை கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விதி உண்டா என்றால், உண்டு. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. தமிழ்நாட்டில் மண் அரிப்பு என்றாலே அதிகாரிகளுக்கு நீலகிரியும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வரும். மலைப்பகுதிகளுக்கு 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வந்தது. அங்கே மனை பிரிக்க வேண்டுமானால் சரிவைப் பற்றியும் மண் அரிப்பைப் பற்றியும் வேளாண் பொறியியல் துறை கருத்துச் சொல்ல வேண்டும். இலங்கையிலும் மலைநாட்டுச் சரிவுகள் கரைந்ததால்தான் 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சமவெளியில் மண் எங்கே ஓடிவிடப் போகிறது என்ற எண்ணம் நம் விதிகளில் ஊறிக் கிடக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதற்கு உங்கள் தறிக்குழியே சாட்சி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து ஏக்கர் என்பது 4,35,600 சதுர அடி. அதன்மேல் நான்கு அடி மண் என்றால் 17,000 யூனிட்டுக்கு மேல். அதன் மேற்பரப்பில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கழன்றால்கூட 14 யூனிட் மண் கீழே வரும். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பர் என்றால் ஐந்து லோடு. கட்டுமானத்துக்காகத் திறந்து போட்ட நிலத்திலிருந்து, பயிர் செய்யும் நிலத்தைவிடப் பத்து முதல் இருபது மடங்கு மண் அடித்துப் போகும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை கணக்குச் சொல்கிறது. வரப்பு போய், வேர் போய், இறுகாத மண் வெறும் உடம்போடு ஐப்பசி மழையில் நின்றால் வேறென்ன ஆகும்? 2015 டிசம்பர் தொடக்கத்தில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி மழையை மனதில் வைத்துத்தான் நம் மாவட்டத்தில் மண்ணைக் கையாள வேண்டும்.

இனி, உங்கள் விஷயத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய காகிதம் எது என்று சொல்கிறேன். மனைப்பிரிவு அனுமதி தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி வழங்கப்படுகிறது. நகர ஊரமைப்பு அலுவலகம் தொழில்நுட்ப அனுமதி தரும். இறுதி ஒப்புதல் மாநகராட்சியோ ஊராட்சியோ தரும். இதற்கு முன்னால், வெள்ளம் தேங்கும் பகுதி, ஏரி, வாய்க்கால் அருகே உள்ள நிலம் என்றால், நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பலர் அதை ஒரு சடங்குக் காகிதமாக நினைக்கிறார்கள். உண்மையில் நம் சமவெளிக்கு இருக்கும் மண் அரிப்பு விதி அதற்குள்தான் இருக்கிறது. நிலத்தை எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும், வாய்க்காலின் அகலத்தைக் குறைக்கக் கூடாது, குறுக்கே பாலம் போட்டால் துறையின் ஒப்புதல் வேண்டும், மனைக்குள் மழைநீர் வடிகால் அமைக்க வேண்டும், மண்ணோ கட்டடக் கழிவோ வாய்க்காலில் விழக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் பொதுவாக அதில் இருக்கும். நிபந்தனையை மீறினால் சான்று ரத்தாகும் என்ற வரியும் கூடவே வரும்.

இங்கே ஒரு குறையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நிலத்தை உயர்த்தச் சொல்வது மனை வாங்கப் போகிறவரின் வீட்டில் தண்ணீர் புகாமல் இருக்க. அது நியாயம்தான். ஆனால் பக்கத்தில் நூறு ஆண்டாக இருக்கும் தெருவின் மட்டம் என்ன என்று அந்தக் காகிதம் கேட்பதில்லை. புது மனை மேடாகிறது, பழைய நெசவாளர் தெரு பள்ளமாகிறது. குழித்தறி என்பதே தரைக்குக் கீழே மிதி வைத்து உட்கார்ந்து நெய்வது. ஊரில் முதலில் தண்ணீர் சேரும் இடம் தறிக்குழிதான். காஞ்சிபுரத்தில் மனைக்கு அனுமதி தருகிறவர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கூடுதலாக இதை யோசித்தாக வேண்டும்.

மேல்மண்ணை 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தனியே எடுத்துக் குவித்துப் பாதுகாக்க வேண்டும் என்ற நிபந்தனை மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதியில் உண்டு. ஆனால் 2006 அறிவிக்கையின்படி அது 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும், 50 ஹெக்டேருக்குக் குறையாத நகரியங்களுக்கும்தான். உங்கள் பின்பக்கத்துப் பத்து ஏக்கர் நான்கு ஹெக்டேர்தான். அந்த வலையில் சிக்காது. நம் ஊரைச் சுற்றி வரும் மனைப்பிரிவுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள்தான் இருக்கின்றன என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு ஏக்கர் நிலத்தைக் கிளறினாலே மழைநீர் அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூரில் கட்டுமான இடத்திலிருந்து வடிகாலில் விடும் நீரில் மிதக்கும் மண் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கலங்கல் தெரிகிறதா என்று வடிகால் வாயில் கேமரா வைத்துப் பார்க்கிறார்கள். அங்கேயும் நம்மைப் போல அடைமழைதான்.

இது நமக்குப் புதிய யோசனையும் அல்ல. நம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலையில் தேர்ந்தெடுத்த வாரியங்களைப் பற்றிச் சொல்கின்றன. அவற்றில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைக் காப்பது ஊராரின் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஆள் நியமித்த மண் இது. செங்கல்பட்டு பிரிந்துபோன பிறகும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறைப் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் இருக்கின்றன. நகருக்குள் ஓடும் மஞ்சள்நீர்க் கால்வாய் நத்தப்பேட்டை ஏரிக்குப் போகிறது. வேகவதி திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. உங்கள் வாய்க்காலில் இறங்கிய சேறு உங்கள் வீட்டோடு நிற்கவில்லை, ஏதோ ஒரு ஏரியின் கொள்ளளவிலும் ஒரு பங்கைத் தின்றிருக்கும். ஏரி வண்டலை உழவர்கள் வயலுக்கு இலவசமாக அள்ளிக்கொள்ள 1959ஆம் ஆண்டின் சிறு கனிம விதிகளில் இடம் உண்டு. அது பயிருக்கு உரம். எங்கோ ஆழத்தில் தோண்டிய சவுடு வண்டலாகாது. அதை அள்ளிக்கொண்டு போக ஆள் வர மாட்டார்கள்.

அடுத்த மழைக்கு முன்னால் மனைக்காரர் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும். ‘ஏதாவது செய்யுங்கள்’ என்றால் நான்கு மணல் மூட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பலரும் முதலில் வண்டல் பிடிக்கும் குழியைத்தான் வெட்டுவார்கள். குழி தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. நுண்மணல் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஓரிரு நிமிடம் ஆகும். களிமண் துகள் இறங்க நாள் கணக்கில் ஆகும். செம்மண்ணும் களியும் கலந்த சவுடு குழியில் தங்காமல் கலங்கலாகவே தாண்டிப் போய்விடும். ஆகவே மண் கிளம்பாமல் பார்ப்பதுதான் முதல் வேலை. நிரப்பின மண்ணை அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்து ரோலர் விட்டு இறுக்க வேண்டும். உங்கள் தெருப்பக்கச் சரிவுக்குத் தடுப்புச்சுவர் வேண்டும். சுவர் எழும்பும் வரை சரிவைச் சாய்வாக வெட்டி, தென்னை நார் வலை விரித்து அருகம்புல்லோ வெட்டிவேரோ நட வேண்டும். தென்னை நாருக்கும் வெட்டிவேருக்கும் தமிழ்நாட்டில் பஞ்சம் இல்லை. எல்லையைச் சுற்றி உட்பக்கமாக வரப்பு எடுத்து, மழைநீர் முழுவதும் ஒரே வழியாகக் குழிக்குப் போய், அங்கிருந்து வாய்க்காலுக்குப் போகும்படி செய்ய வேண்டும். மண் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். லாரி வெளியேறும் வாயிலில் ஜல்லி பரப்ப வேண்டும், இல்லையென்றால் டயரோடு வரும் சேறு சாலை வடிகாலை அடைத்துவிடும். முக்கியமாக, ஐப்பசி பிறந்த பிறகு புதிதாக மண் கொட்டவே கூடாது.

சரி, யாரிடம் போவது? முதலில் ஆதாரம். தூர்ந்த வாய்க்கால், தறிக்குழி, வீணான பாவு எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பழைய வயலின் மட்டத்துக்குச் சாட்சியாகப் பழைய படங்களோ, அக்கம்பக்கத்தார் கையெழுத்திட்ட கடிதமோ சேருங்கள். அந்தச் சர்வே எண்ணின் புலப்படத்தை எடுத்து, வாய்க்கால் புறம்போக்கின் அகலம் என்ன என்று பாருங்கள். இன்று நிலத்தில் அந்த அகலம் இல்லையென்றால், அது 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் வட்டாட்சியர் கவனிக்க வேண்டிய விஷயம். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று காகிதங்களைக் கேளுங்கள்: மனைப்பிரிவு அனுமதி ஆணை, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று, அதன் நிபந்தனைகள் நிறைவேறியதா என்று பார்த்த ஆய்வுக் குறிப்பு. பதில் தர அவர்களுக்கு 30 நாள். மூன்றாவது காகிதம் இல்லை என்று பதில் வந்தால் அதுவே உங்களுக்கு வலுவான ஆதாரம். அனுமதியே இல்லாத மனைப்பிரிவு என்று தெரியவந்தால், 1971ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டம், 56, 57 பிரிவுகளின்படி வேலையை நிறுத்தவும், செய்ததை அகற்றவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு.

இவற்றோடு வருவாய்க் கோட்டாட்சியரிடம் ஒரு மனு கொடுங்கள். இந்த வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பொது வாய்க்காலை அடைப்பது பொதுத் தொல்லை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133ஆம் பிரிவு. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவு. அதன்கீழ் தடையை அகற்றும்படி அவர் நேரடியாக உத்தரவிடலாம். அவசரத்துக்கு இதுதான் விரைவான வழி என்பது என் கருத்து. இழப்பீட்டுக்கும் தடையுத்தரவுக்கும் உரிமையியல் நீதிமன்றம் இருக்கிறது. ஏரியும் வாய்க்காலும் தூர்ந்ததை முன்வைத்தால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கும் போகலாம். தகராறுக்குத் தீர்வு கேட்பதானால் ஆறு மாதத்துக்குள், இழப்பீடு கேட்பதானால் ஐந்து ஆண்டுக்குள் என்று காலக்கெடு இருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள்.

தனியாகப் போகாதீர்கள். தெருவில் எத்தனை தறியில் சேறு புகுந்ததோ அத்தனை பேரும் கையெழுத்திடுங்கள். எல்லை ஊராட்சியில் விழுந்தால் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள், மாநகராட்சியில் விழுந்தால் வார்டு உறுப்பினரையும் அழைத்துக்கொள்ளுங்கள். மனுவில் உங்கள் தெருவுக்கு மட்டும் கேட்காமல் இன்னொரு வரியும் எழுதுங்கள்: காஞ்சிபுரத்தில் இனி எந்த மனைப்பிரிவுக்கு அனுமதி தந்தாலும், பக்கத்துத் தெருவின் மட்டத்தைக் குறித்து, ஐப்பசி முதல் மார்கழி வரை திறந்த மண் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். அனுமதி ஆணையில் நிபந்தனை விதிக்கும் அதிகாரம் அதிகாரிகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது; புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். அங்கே மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். தடுப்புச்சுவர் கட்டவும் வாய்க்கால் தூர்வாரவும் கோடை மாதங்கள் தேவைப்படும். பங்குனிக்குள் மனு போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.