அட்டை உருவம் நடக்கும் விதம்

ஓவியம் பேசும் என்பர். ஓவியம் நடக்கவும் கூடும் என்பதை மெய்ப்பித்தது அனிமேஷன் எனப்படும் அசைவூட்டப் படக்கலை. சிறிதளவே வேறுபட்ட படங்களை விரைந்து அடுத்தடுத்துக் காட்டும்போது, நம் கண்ணும் மூளையும் அவற்றை ஒரே இயக்கமாகக் கொள்கின்றன. இக்கலையின் அடிப்படை இவ்வளவே.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுமெனக் கருதி மாணவர் பலர் தொடங்குமுன்பே தளர்ந்துவிடுகின்றனர். அவர்கள் ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் அம்மையாரை அறிதல் நலம். ஆயிரத்தொரு இரவுகள் கதைகளைத் தழுவி, 1923 முதல் 1926 வரை உழைத்து அவர் உருவாக்கிய ‘இளவரசர் அகமதின் சாகசங்கள்’, இன்று கிடைக்கும் முழுநீள அசைவூட்டப் படங்களுள் மிகப் பழையது. டிஸ்னியின் முதல் முழுநீளப் படம் 1937-இல்தான் வெளிவந்தது. கத்தரிக்கோல், கறுப்பு அட்டை, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடி, மேலே பொருத்திய கேமரா ஆகியனவே அம்மையாரின் முதன்மைக் கருவிகள். நம் தோற்பாவைக் கூத்துக்கு உறவான நிழற்கலை அது.

அவ்வழியை நாமும் பின்பற்றலாம். முதலில், ஒரே வரியில் சொல்லத்தக்க கதையைத் தேர்வோம். கறுப்பு அட்டையில் தலை, உடல், கை, கால்களைத் தனித்தனியே வெட்டி, மூட்டுகளை மெல்லிய கம்பியால் இணைப்போம். இரு புத்தக அடுக்குகளின்மேல் கண்ணாடியை வைத்து, அதன்மீது மெல்லிய வெள்ளைத்தாள் விரித்து, அடியில் விளக்கேற்றுவோம். மேலே செல்பேசியை இம்மியும் நகராவண்ணம் பொருத்துவோம். வெயில் மாறினால் படத்தின் ஒளியும் மாறுமாதலின் சன்னல்களை அடைத்தல் வேண்டும். பின்னர் உருவத்தைச் சிறிது நகர்த்தி ஒரு படம். மீண்டும் நகர்த்தி ஒரு படம். நொடிக்கு 12 படங்கள் போதும். பத்து நொடிக்கு 120.

நகர்த்தும் அளவிலேதான் உயிர் இருக்கிறது. மேலெறிந்த பந்து உச்சியை நெருங்குகையில் மெதுவாகவும், தரையை நெருங்குகையில் விரைவாகவும் செல்லும். எனவே உச்சியில் இடைவெளியைக் குறைத்தும், கீழே கூட்டியும் அமைத்தல் வேண்டும். எங்கும் ஒரே அளவாக நகர்த்தினால் பந்துக்கு எடையே இராது.

அரபுக் கதைகளைத் திரையில் ஏற்ற ஜெர்மனியில் ஒருவர் மூவாண்டு உழைத்தார். நம் பாட்டிமார் சொன்ன கதைகளோ அவர்களோடு மண்ணில் மறைகின்றன. வரும் விடுமுறையில் அவற்றுள் ஒன்றையேனும் கேட்டெழுதி, பத்து நொடி அளவிலேனும் நடக்கச் செய்வோமாக.