பறவைகளைத் தெளிவாகப் படம்பிடித்தல்



நம் தோட்டத்துக் கால்வாய் ஓரத்தில், நீல முதுகும் வெண்மார்பும் உடைய மீன்கொத்தி ஒன்று காலைதோறும் அமர்ந்திருப்பதை வேலைக்குச் செல்லும் வழியில் பலரும் கண்டிருப்பீர்கள். அதனைப் பள்ளியின் புகைப்படக் கருவியால் எடுத்த ஆறாம் ஆண்டு மாணவர் சிலர், “பறவை இருக்கிறது, ஐயா, படம்தான் கலங்கியிருக்கிறது” என்று வருந்தினர். தொடக்கத்தில் நாமும் இவ்வாறே வருந்திக் கருவியைக் குறை கூறினோம். பின்னரே குறை நம்மிடம் என்பதை உணர்ந்தோம். படம் கலங்குவதற்கு முதன்மையான காரணங்கள் நான்கு.

1. கையின் அசைவு: டெலிபோட்டோ எனப்படும் தொலைவில்லை பறவையைப் பெரிதாக்கிக் காட்டுவது போலவே கையின் நடுக்கத்தையும் பெரிதாக்கும். 400 மில்லிமீட்டர் வில்லையாயின் ஷட்டர் வேகம் வினாடியில் 1/400க்குக் குறையலாகாது என்பது பழைய விதி. ஒளியுணரி சிறியதாக உள்ள கருவிகளில் அதனை ஒன்றரை மடங்காக்கி 1/600 எனக் கொள்க. முக்காலி இல்லையேல் கவலை வேண்டா. ஒரு துணிப்பையில் அரிசியை நிரப்பி, வேலிக் கட்டையின்மீது வைத்து, அதன்மேல் வில்லையைக் கிடத்தலாம்.

2. பறவையின் அசைவு: முக்காலி நம் கையை நிறுத்தும், பறவையை நிறுத்தாது. அமர்ந்திருக்கும் பறவையும் தலையை வெடுக்கென்று திருப்பும். பறக்கும் பறவைக்கு 1/2000 வினாடியேனும் வேண்டும். அதற்கு ஒளி போதாவிடில் ஐ.எஸ்.ஓ. எண்ணை 800, 1600 என உயர்த்துக. படத்தில் சிறு மணிகள் தோன்றலாம். மணி தோன்றிய படம் பயன்படும். கலங்கிய படம் பயன்படாது.

3. குவியம் தவறுதல்: முழு அளவு ஒளியுணரி உடைய கருவியில், 400 மில்லிமீட்டர் வில்லையை எப் 5.6 துளையில் வைத்து 10 மீட்டர் தொலைவிலுள்ள பறவையை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர்; அதாவது ஒரு சாண். தொலைவு பாதியானால் அந்த ஆழம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆகவே குவியத்தை இறகிலோ கிளையிலோ வையாது, பறவையின் கண்ணில் வைத்தல் வேண்டும். கண் தெளிவானால் படம் உயிர் பெறும்.

4. இடையிலுள்ள காற்று: நண்பகலில் செம்மண் சாலையின்மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அக்காற்றின் ஊடே எடுக்கும் படத்தை எவ்வளவு விலையுயர்ந்த வில்லையும் தெளிவாக்காது. காலை வேளையே ஏற்றது.

இந்நான்கையும்விடப் பெரியது பொறுமை. காலமறிந்து காத்திருப்பதற்குக் கொக்கையே வள்ளுவர் எடுத்துக்காட்டினார். மீன்கொத்தி தான் விரும்பிய கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும். அதனைத் துரத்தாமல், மறைவில் அசையாது அமர்ந்திருப்பவனுக்கே அது அருகில் கிட்டும்.

இறுதியாக ஒன்றைச் சொல்லாமல் விட மனம் இடந்தரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், செம்பருத்திச் செடி ஒன்றில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. மலாய் நண்பர்கள் ‘மெர்பா’ என்று கூறும் குருவி அது. இலைகள் மறைத்தமையால் இரண்டு சிறு கிளைகளை ஒடித்துவிட்டுக் குஞ்சுகளைப் படம்பிடித்தோம். அதுவரை நாம் எடுத்தவற்றுள் அதுவே மிகத் தெளிவான படம். மறுநாள் காலை கூடு வெறுமையாயிருந்தது. தாய்க்குருவி வாயில் புழுவுடன் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தது. காகமோ பாம்போ, கொண்டுசென்றது எதுவென்று நாம் காணவில்லை. ஆயினும், வழியைத் திறந்துவிட்டவர் நாமே. அப்படத்தை இன்றுவரை எவருக்கும் காட்டியதில்லை.

ஆதலின், மாணவர்களே, கூட்டை நெருங்காதீர்கள், கிளையை ஒடிக்காதீர்கள். நாம் வந்ததால் பறவை தன் வேலையை நிறுத்துமாயின், ஓரடி பின்வாங்குங்கள். தொலைவிலிருந்தே காண்பதற்கன்றோ தொலைவில்லை! படம் ஒன்று தவறினால் நாளை எடுத்துக்கொள்ளலாம். போன குஞ்சு திரும்பி வாராது.