பக்கத்து நிரையைக் கேள்

கேள்வி: புரோகிராமிங் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். குழுவில் பெண் நான் ஒருத்திதான். சந்தேகம் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
– தோட்டத்து வாசகி, பகாவ், நெகிரி செம்பிலான்

பதில்: கேள், மகளே. 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அவ்வளவு தூரம் ஏன்? மலாயாப் பல்கலைக்கழகக் கணினிப் புலத்தில் பெண்கள் இத்தனை பேரா என்று, நார்வே ஆய்வாளர் விவியன் லாகெசன் 2008இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். உன் குழு அப்படி இல்லையென்றால் குறை உன்னிடம் இல்லை.

உன் தோட்டத்துப் பெண்கள் தலைவிளக்கோடு இருட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். கத்தி ஒரு நூல் கூடுதல் ஆழம் போனால் மரத்தில் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டு கட்டும். யாருக்கும் முதல் நாளே கை படியவில்லை. பக்கத்து நிரைக்காரியைக் கேட்டுத்தான் படிந்தது. நாளைக் காலை, பிழை காட்டும் வரியைத் திரையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிடு.