பழைய கணினியும் சபரகமுவ ஈரமும்

சபரகமுவத் தோட்டப்புறங்களிலுள்ள தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றிற்குக் கணினி புதுப்பொருளாக வருவதில்லை. நகரத்து அலுவலகமொன்றில் ஐந்தாறு ஆண்டு உழைத்து ஓய்ந்தபின், பழைய மாணவர் யாரேனும் ஒருவரது நன்கொடையாக வந்து சேர்கின்றது. இம்மலரைப் படிக்கும் அன்பருள்ளும் அவ்வாறு அனுப்பினோர் இருத்தல் கூடும். ஈராண்டு செல்லுமுன் அக்கணினி 'பழுது' என்னும் சீட்டு ஒட்டப்பெற்று மூலையிற் கிடப்பதும் உண்டு. தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்த மாணவன் அதன்பின் விசைப்பலகையைப் படத்திலேயே காண்கின்றான். தள்ளப்பட்ட அவற்றுட் சில, திறந்து துடைத்தாற் பிழைக்கக் கூடியன. அத்தொழிலை உயர்வகுப்பு மாணவர் ஆசிரியர் முன்னிலையிற் செய்யலாம். செய்யும் முறையை ஈண்டுக் கூறுவாம்.

கணினிக்குப் பகை தூசியென்றே பலரும் தொடங்குவர். உலர்ந்த நாட்டுக்கு அது பொருந்தும். இரத்தினபுரியிலோ ஆண்டு மழை 3500 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. இங்குப் பெரும்பகை ஈரம். தூசி அதற்குத் துணைவன். உலர்ந்த தூசி காற்றோட்டத்தைத் தடுப்பதோடு நிற்கும். ஈரத்தை உறிஞ்சிய தூசி, பலகையிலுள்ள செப்புக் கோடுகளுக்கிடையே மின்னொழுக்குக்கு வழிசெய்து பச்சைக் களிம்பையும் பிறப்பிக்கும். கேகாலைப் பக்கத்து றப்பர்த் தோட்டங்களில் வேறொன்றும் சேர்கின்றது. றப்பர்ப் பாலை உறையச்செய்யப் போமிக் அமிலம் இடுவர். தகடுகளைப் புகைவீட்டில் உலர்த்துவர். அவ்வமில ஆவியும் புகையும் சாளர வழியே புகுமிடத்து உலோகத் தொடுமுனைகள் விரைவிற் கெடும்.

ஆதலின், காப்பதாக எண்ணி மெழுகுசீலையாற் போர்த்து விடுமுறை முழுவதும் அறையைப் பூட்டிவைத்தல் கணினிக்குச் செய்யும் தீங்கேயாகும். இயங்கும் கணினியின் அகம் அறையினும் வெப்பமுடையது. ஆங்கு ஈரம் தங்காது. விடுமுறையிலும் வாரம் இருமுறை ஒரு மணிநேரம் அதனை இயக்குதல் நன்று. சாவி வைத்திருப்பவர் இதற்கு எளிதில் இசையார் என்பதை நாம் அறிவோம். அவரிடம் இப்பக்கத்தைக் காட்டுக. மார்ச்சு, ஏப்பிரலிலும் ஒற்றோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் மிகுதி. அக்காலத்திற் காலையில் இயக்கி, முடிந்தவுடன் மின்செருகியையும் தொலைபேசிக் கம்பியையும் சுவரினின்று கழற்றிவிடல் வேண்டும். ஆளியை அணைப்பது மட்டும் மின்னலுக்குத் தடையன்று.

இனித் திறக்கும் முறை. செருகியைக் கழற்றியபின் இயக்கு பொத்தானைச் சில கணம் அழுத்துக. எஞ்சிய மின்னிற் பெரும்பகுதி வடிந்துவிடும். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறவற்க. 230 வோல்ற்று வீட்டுமின் அதனுள்ளே 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட நேர்மின்னாக மாற்றப்படுகின்றது. அதனைத் தாங்கிய கொள்ளளவிகள் செருகி கழன்றபின்னும் ஒருவனைத் தூக்கியெறிய வல்லன. உடலிலுள்ள நிலைமின் அகலும்பொருட்டுப் பெட்டியின் உலோகச் சட்டத்தை ஒருமுறை தொட்டபின்னரே உட்பலகைகளைத் தொடுக.

முதலில் கண்ணாற் பார்த்தல் வேண்டும். எறும்புக்கூடு, பல்லிமுட்டை, கரப்பான் எச்சம் ஆகியவை தோட்டப்புறத்துக் கணினிகளிற் காணக்கூடியனவே. மழையற்ற நாளில் விறாந்தைக்குக் கொணர்ந்து, மெல்லிய புதுத் தூரிகையால் தட்டியகற்றுக. வாயால் ஊதினால் உமிழ்நீர் தெறிக்கும். வாகனம் திருத்துமிடத்துக் காற்றமுக்கியும் தகாது. அதன் தொட்டியில் தேங்கிய நீர் காற்றோடு வரும். விசிறியின் இதழை விரலாற் பிடித்துக்கொண்டே துடைக்க வேண்டும். வீணே சுழன்றால் அச்சு தேயும்.

இயக்கியவுடன் திரையில் ஒன்றும் தோன்றாது, விட்டுவிட்டு ஒலி மட்டும் எழுமாயின் நினைவகப் பலகையை முதலில் ஐயுறுக. அதனைக் கழற்றி, பொன்பூசிய முனைகளை மென்மையான அழிறப்பரால் இலேசாகத் தேய்த்தாற் கறை நீங்கும். மையழிக்கும் சொரசொரப்பான றப்பர் பொற்பூச்சையே தின்றுவிடும். பென்சிற் கோட்டை இப்பொருள் அழிக்கும் என்பதை 1770இல் எழுதிவைத்தவர் பிரீசிலி என்னும் ஆங்கில விஞ்ஞானி. கேகாலைத் தோட்டங்களை நிரப்பிய மரம் இலங்கைக்கு வந்தது 1876இல், கம்பகாவையடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவிற்கு. தேய்த்தபின் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைக்க. 99 வீதமானதையே வாங்குக. 70 வீதமானதில் எஞ்சியது பெரும்பாலும் நீர்.

முறைவழியாக்கியின் மேலுள்ள அலுமினியத் தகட்டடுக்கு, தூசி அடைந்து கம்பளிபோற் கிடக்கும். அதனைச் சற்றே திருகிக் கழற்றி, சுண்ணம்போற் காய்ந்த பழைய வெப்பப்பசையைத் துடைத்துப் பயற்றளவு புதுப்பசை இடுக. மிகுதியாக இடுவது பயனற்றது. தகட்டைத் தூய்மை செய்வதன் பயன் முறைவழியாக்கியோடு முடிவதில்லை. நீர்மம் அடங்கிய கொள்ளளவிகளின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் ஏறத்தாழப் பாதியாகும். உச்சி தட்டையாயிராது புடைத்திருந்தால் அவை கெட்டன எனக் கொள்க. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் குறையுள்ள கொள்ளளவிகள் பரவின. 2003 முதல் 2005 வரை விற்பனையான டெல் ஒப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 வகையில் அவை பெருவாரியாகப் பழுதுற்றமை யாவரும் அறிந்தது. அத்தகையதை அன்பளிப்பாக அனுப்புமுன் திறந்து பார்த்தல் அனுப்புவோர் கடன்.

எஞ்சியது நாணயம்போன்ற சிறு மின்கலம்: சிஆர்2032, 3 வோல்ற்று, 20 மில்லிமீற்றர் விட்டம். அது ஓய்ந்தால் மணிக்கூடு பல்லாண்டு பின்னோக்கிச் செல்லும். திகதி பிழைத்தால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்று செல்லாததாகத் தோன்றி, இணைப்பு மறுக்கப்படும். அதுகண்டு கணினியே கெட்டதெனச் சீட்டு ஒட்டுவோர் உளர்; மாற்றவேண்டியது சில நூறு ரூபாவுக்குக் கிடைக்கும் மின்கலம் ஒன்றே. மாற்றித் திகதியைத் திருத்தியபின், திறந்த நாளையும் செய்த வேலையையும் மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டுக. அடுத்து வரும் மாணவன் அவ்விடத்திலிருந்து தொடங்குவான்.