முக்கோணக் கட்டடம் யாருடையது?

கேள்வி: சனிக்கிழமை பிள்ளைகளோடு ரொறன்ரோ டவுன்டவுன் சுற்றப் போனோம். செயின்ட் லாரன்ஸ் சந்தைக்குப் பக்கத்தில், இரண்டு வீதிகளுக்கு நடுவே முக்கோணமாக ஒரு செங்கல் கட்டடம். யார், ஏன் அப்படிக் கட்டினார்கள்? நியூயோர்க்கைப் பார்த்துச் செய்ததா? எங்கள் பக்கம் ஏன் இப்படி ஒன்றுகூட இல்லை?
- ஒரு வாசகி, ரெக்ஸ்டேல்

பதில்: நியூயோர்க்கைப் பார்த்துச் செய்ததல்ல. அங்குள்ள ஃபிளாட்அயன் கட்டடம் 1902இல் எழுந்தது. நீங்கள் பார்த்த கூடர்ஹாம் கட்டடம் 1892இலேயே முடிந்துவிட்டது. அது இருபது மாடிக்கு மேல், இது ஐந்தே மாடி. என் கண்ணுக்கு இதுதான் அழகு.

வடிவத்துக்குக் காரணம் நிலம். ஃப்ரன்ட் வீதி ஒருகாலத்தில் ஒன்டாரியோ ஏரியின் கரை. அதற்குத் தெற்கே இன்று இருப்பதெல்லாம் பிறகு ஏரியை நிரப்பி எடுத்த நிலம். கரையோடு சாய்ந்து போன அந்த வீதியும் வெலிங்டன் வீதியும் சேரும் இடத்தில் ஆப்பு மாதிரி ஒரு துண்டு மிஞ்சியது. அங்கே முன்பு நின்ற கட்டடத்தைச் சனங்கள் ‘சவப்பெட்டி’ என்றே அழைத்தார்கள்!

அந்தத் துண்டில் தன் தலைமை அலுவலகத்தைக் கட்டியவர் ஜோர்ஜ் கூடர்ஹாம், வரைந்தவர் டேவிட் ரொபர்ட்ஸ். அவர் குடும்பத்தின் கூடர்ஹாம் அண்ட் வோர்ட்ஸ் அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய வடிசாலைகளில் ஒன்று. சாராயக் காசு என்று முகம் சுளிக்காதீர்கள். அந்தக் குடும்பத்தின் பணம் ரயில் பாதைகளிலும் ஓடியது. ஜோர்ஜ் கூடர்ஹாமே பாங்க் ஒஃப் ரொறன்ரோவின் தலைவர். அப்படிப்பட்ட வணிகர் ஓர் அலுவலகம் கட்டினால், தெருவில் நடப்பவன் நின்று பார்க்க வேண்டுமென்றுதானே கட்டுவார்? செப்புக் கூரை போட்ட அந்தக் கோபுரம் அதற்காகத்தான். குடும்பம் 1957வரை அந்தக் கட்டடத்தை வைத்திருந்தது. வடிசாலை நின்ற இடம்தான் இன்றைய டிஸ்டிலரி டிஸ்ட்ரிக்ட்.

ரெக்ஸ்டேல் கதை வேறு. விவசாய நிலமாகக் கிடந்த அந்தப் பகுதியில் 1950களில் வீடுகள் கட்டி விற்றவர் ரெக்ஸ் ஹெஸ்லப். ஊருக்கும் அவர் பெயர்தான். கார் வைத்திருப்பவர்களை நினைத்து எழுந்த ஊர் அது. முன்னால் வாகனத் தரிப்பிடம், அதற்குப் பின்னால் வரிசைக் கடைகள். நடந்து போகிறவருக்காக முகப்பை அலங்கரிக்க எவருக்கும் தேவை இருக்கவில்லை. மரக்கறியும் மீனும் வாங்க வசதிதான், அழகென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை போனால் முன்பக்கத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மேற்குப் பக்கம் போய்ப் பின்சுவரைப் பாருங்கள். 1980இல் டெரெக் பெசன்ட் செய்த ஓவியம் அது. எதிரே ஃப்ரன்ட் வீதியில் நிற்கும் பெர்கின்ஸ் கட்டடத்தின் முகப்பைத் துணியில் தீட்டித் தொங்கவிட்டது போலிருக்கும். அந்தச் சன்னல்களில் சில மட்டும் நிஜம். எவையென்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.