பேச்சைக் குறையுங்கோ, திகதியைப் போடுங்கோ

வடக்கு மாகாண சபை கைதடியில் இயங்கிய காலத்தில், 2013 ஒக்டோபர் தொடக்கம் 2018 ஒக்டோபர் வரை, உறுப்பினர் ஒருவரின் உதவியாளனாக வேலை செய்தேன். சபையில் நடப்பதைக் கோப்பாய்ச் சனத்துக்கு எழுதிச் சொல்வதும் என் பொறுப்பு. இப்போது பதவியும் இல்லை, சபையும் இல்லை. ஆனாலும் எங்கள் சனசமூக நிலையத்துப் பலகைக்குப் பாராளுமன்றச் செய்தியை எழுதி ஒட்டுவதை விடவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வேனோ அதையே இங்கே எழுதுகிறேன்.

உறுப்பினர்களுக்குத் தங்கள் பேச்சு அச்சில் வரவேணும் என்ற ஆசை இருக்கும். அதில் பிழை இல்லை. ஆனால் சனம் அதை வாசிக்காது. ஒருநாள் முழுப் பக்கப் பேச்சைக் கொடுத்தபோது, தோட்டத்தால் வந்த ஒரு பெரியவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இதாலை என்ரை கிழங்குக்கு என்ன வரும்?” அதற்குப் பதில் முதல் இரண்டு வரிக்குள் இல்லாத எந்தத் தாளும் கடையில் வடை சுற்றத்தான் போகும்.

கிழங்குக்கு உண்மையிலேயே ஒரு பதில் இருந்தது. இறக்குமதியாகும் உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் வரி போடுவது 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ். நிதி அமைச்சர் வர்த்தமானியில் கட்டளை போட்டதும் அது நடைமுறைக்கு வந்துவிடும். பாராளுமன்ற அங்கீகாரம் பிறகுதான். ஆகவே விவாத நாளில் உறுப்பினர் எவ்வளவு முழங்கினாலும் விலை ஏற்கனவே மாறியிருக்கும். கோப்பாய், நீர்வேலி, புத்தூர்த் தோட்டக்காரருக்கு வேண்டியது அறுவடைக்கு முன்னமே வர்த்தமானியைப் பார்த்துச் சொல்லும் ஆள். அமைச்சரிடம் கேட்பதென்றாலும் அப்போதே கேட்டால்தான் பலன்.

சட்டமூலம் என்றால் இன்னும் அவசரம். ஒழுங்குப் பத்திரத்தில் ஒரு சட்டமூலம் ஏறியபின் அது அரசியலமைப்புக்கு முரண் என்று எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றம் போகலாம். அதற்குக் கிடைப்பது கொஞ்ச நாள் மட்டும். சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால், அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரைப்படி அந்தச் சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்விக்கு எடுக்க முடியாது. இந்தியாவில் சட்டம் வந்தபிறகும் வழக்குப் போடலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் “சட்டம் நிறைவேறியது” என்று அழகாக எழுதி ஒட்டுவது செத்தவீட்டு அறிவித்தலுக்குச் சமன். எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்தத் திகதிக்குள் யார் என்ன செய்யலாம் என்பதுதான் செய்தி.

2025 மார்ச் 28ஆம் திகதிய 2430ஆம் இலக்க வர்த்தமானியை நினைத்துப் பாருங்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அறிவித்தல் அது. வடக்கில் 5,940 ஏக்கர், அதில் யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 3,669 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராத காணி அரச காணியாகலாம். கோப்பாயில் பலருக்கு வன்னியிலும் காணி உண்டு. உறுதி ஒருவரிடம் இருக்கும், உரித்துக்காரர் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பார், சிலரின் உறுதி இடப்பெயர்வில் போய்விட்டது. மூன்று மாதம் அவர்களுக்கு எந்த மூலைக்குப் போதும்? எதிர்ப்புக் கிளம்பி, உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போன பிறகுதான் அரசு பின்வாங்கியது. அந்த நாட்களில் கண்டனப் பேச்சுகள் நிறையவே பரவின. கடைசித் திகதியையும், என்ன பத்திரத்தோடு எங்கே போகவேணும் என்பதையும் பெரிதாகப் போட்ட தாள்கள்தான் கைமாறிக் கைமாறி வெளிநாடு வரை போயின.

மாகாண சபைக் காலத்தில் எனக்குக் கூடுதல் தலையிடி தந்தது தீர்மானம். சபை நூற்றுக்கணக்கில் தீர்மானம் எடுத்தது. 2015 பெப்ரவரி 10ஆம் திகதிய இனப்படுகொலைத் தீர்மானம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது, அதன் அரசியல் கனத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் “சபை தீர்மானம் எடுத்ததாமே, எங்கடை காணியை எப்ப விடுவினம்?” என்று கேட்டு வந்தவர்களுக்கு உண்மையைச் சொல்லத்தான் வேணும். தீர்மானம் ஒரு கோரிக்கை. சபை இயற்றும் நியதிச்சட்டம்தான் சட்டம், அதற்கும் ஆளுநரின் சம்மதம் வேணும். இதைச் சொன்னால் உறுப்பினருக்குச் செல்வாக்குக் குறையும் என்று சிலர் பயப்படுவார்கள். சொல்லாவிட்டால் பிறகு வரும் கோபம்தான் பெரிது.

இன்னொன்று, பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட்டில் பேச்சு பேசிய மொழியிலேயே அச்சாகும். எங்கள் உறுப்பினரின் தமிழ்க் கேள்வியை நாங்கள் வாசிப்போம், அமைச்சரின் பதில் சிங்களத்தில் கிடக்கும். கேள்வியை மட்டும் பரப்பினால் பாதிச் செய்தி. தென்னிலங்கையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எனக்கு ஒரு தபால் உத்தியோகத்தர் வாசித்துச் சொன்னார்.

ஒட்டும் இடம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சனசமூக நிலையம், சங்கக்கடை, கோயில் வாசல், கமக்காரர் அமைப்புக் கூட்டம். வட்ஸ்அப்பில் ஒரு பக்கப் படம் போதும், நீண்ட கோப்பை யாரும் திறப்பதில்லை.

முன்பு கோப்பாய் தனித் தொகுதி. 1947இல் கு. வன்னியசிங்கத்தை அனுப்பிய ஊர், தன் உறுப்பினர் யாரென்று விரல் நீட்டிக் காட்டும். 1989 தேர்தலிலிருந்து மாவட்டம் முழுவதற்கும் பொதுவாகத்தான் உறுப்பினர்கள். 2024இல் யாழ்ப்பாண மாவட்டத்துக்குத் தெரிவானவர்கள் ஆறு பேர். மாகாண சபைக்கோ 2018இல் காலம் முடிந்த பிறகு தேர்தலே இல்லை. எல்லாருக்கும் பொறுப்பென்றால் ஒருத்தருக்கும் பொறுப்பில்லை என்ற நிலைதான்.

ஆகவே ஆறு பேரிடமும் கேளுங்கள், கட்சி பார்க்காமல் கேளுங்கள். ஒவ்வொரு அமர்வுக்கும் முன், வரப்போகும் சட்டமூலங்களில் வடக்கைத் தொடுபவை எவை, தங்கள் வாக்கு எந்தப் பக்கம், முறைப்பாடு சொல்ல எந்தத் திகதி வரை நேரம் என்று தமிழில் ஒரு பக்கம் அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்குப் பத்திரம் பாராளுமன்ற இணையத்தளத்தில் தமிழிலேயே கிடைக்கிறது. ஒரு உதவியாளருக்கு அது அரைநாள் வேலைதான்.